நோயைச் சொல்லும் சொற்கள்



தேயிலைத் தோட்டத்தில் வாழும் நமக்கு மருந்தகம் புதிய இடமன்று. கொழுந்து வெட்டும் கத்திரி கையைக் கிழித்தாலும், மலைக்குளிரில் குழந்தைக்குச் சளி கட்டினாலும், பாட்டிக்கு முட்டி வீங்கினாலும் அங்கேதான் போகிறோம். மருந்தும் ஊசியும் அங்கே கிடைக்கின்றன. ஆனால் அவற்றுக்கு முன்னால் ஒரு பேச்சு நடக்கிறது. நாம் நம் நோயைச் சொல்கிறோம். எதிரே இருப்பவர் கேட்டு எழுதிக்கொள்கிறார். அந்தச் சில நிமிடப் பேச்சு சரியாக நடந்தால் பாதி வைத்தியம் முடிந்ததென்று கொள்ளலாம். அது பிசகினால், நல்ல மருந்தும் தவறான நோய்க்குப் போய்ச் சேரும். ஆகவே, மருந்தகத்தில் வழங்கும் சொற்களைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

முதலில், எதிரே அமர்ந்து கேட்பவர் யார்? நம் பெரியவர்கள் அவரை 'டிரசர்' என்றார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடுபவர் என்பது அச்சொல்லின் பொருள். ஆனால் கட்டுப் போடுவதோடு அவர் வேலை நின்றதில்லை. காய்ச்சல் பார்ப்பார், பிரசவத்துக்கு உதவுவார், எது தம் கைக்கு மீறியது என்று கண்டு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார். தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்ய நம் நாட்டில் 1965ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. மருத்துவ உதவியாளர்களுக்கான பதிவுச் சட்டம் 1977ஆம் ஆண்டு வந்தது. இன்று அரசாங்க மருந்தகங்களில் இப்பணியில் இருப்பவரை 'பெனோலோங் பெகாவாய் பெருபாத்தான்', அதாவது உதவி மருத்துவ அதிகாரி என்கிறார்கள். பெயர் மாறினாலும், தோட்டக் குடும்பம் பெரும்பாலும் முதலில் நோயைச் சொல்வது அவரிடம்தான்.

அவர் தமிழராக இருக்கலாம். மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம். நாம் தமிழில் நினைக்கிறோம், மலாயில் சொல்கிறோம், அவர் ஆங்கில மருத்துவச் சொல்லில் எழுதுகிறார். ஒரு வலி மூன்று மொழிகளைக் கடந்து தாளுக்குப் போகிறது. வழியில் எங்கே தடுக்கி விழுகிறது என்று பார்ப்போம்.

நம் தமிழ்ச் சொற்களிலேயே சில இரட்டைப் பொருள் கொண்டவை. 'இழுப்பு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "ஐயா, ராத்திரியிலிருந்து பிள்ளைக்கு இழுக்குது" என்று ஒரு தாய் சொல்கிறாள். மூச்சு இழுக்கிறதா, கைகால் இழுக்கிறதா? மூச்சு இழுத்தால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். மலாயில் 'லெலா' என்பார்கள். கைகால் வெட்டி இழுத்தால் அது வலிப்பு, மலாயில் 'சாவான்'. இரண்டுக்கும் வைத்தியம் முற்றிலும் வேறு. ஆகவே 'இழுப்பு' என்று மட்டும் சொல்லாமல், "மூச்சு விடச் சிரமப்படுகிறான், நெஞ்சில் விசில் போலச் சத்தம் கேட்கிறது" என்றோ, "கைகால் வெட்டியது, கண் மேலே சொருகியது, இத்தனை நிமிடம் நீடித்தது" என்றோ சொல்ல வேண்டும். வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணிப்பதும், வாயில் கரண்டி வைப்பதும் பயனற்றவை. வாயில் வைப்பது ஆபத்தும் ஆகும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றால் அது அவசர நிலை.

அடுத்தது 'மயக்கம்'. தலை சுற்றினாலும் மயக்கம் என்கிறோம். கண் இருட்டினாலும் மயக்கம். நினைவு தப்பி விழுந்தாலும் மயக்கம்தான். தாப்பா சாலையின் வளைவுகளில் பேருந்தில் வரும்போது வருவதையும் மயக்கம் என்கிறோம். மலாயில் தலைசுற்றல் 'பெனிங்'. நினைவு தப்புவது 'பெங்சான்'. விழுந்தவரை "பெனிங்" என்று சொல்லி அழைத்துப் போனால் அவர் வரிசையில் காத்திருக்க நேரும். "பெங்சான்" என்று சொன்னால் உடனே உள்ளே அழைப்பார்கள். ஒரு சொல் வரிசையையே மாற்றிவிடும்.

'இளைப்பு' என்பதும் இப்படியே. மூச்சு வாங்குவதும் இளைப்பு, உடல் மெலிவதும் இளைப்பு. "அப்பாவுக்கு ரெண்டு மாசமா இளைப்பு" என்றால் கேட்பவர் எதை நினைப்பார்? மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்றால் 'செசாக் நாஃபாஸ்' என்று சொல்லுங்கள். சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது என்றால் எடை குறைந்ததைச் சொல்லுங்கள். முன்னது இருதயத்தையோ நுரையீரலையோ பார்க்கச் சொல்லும். பின்னது இனிப்பு நீரையோ காசநோயையோ நினைக்கச் சொல்லும்.

இனி, உயிருக்கே உலை வைக்கும் ஒரு சொல் உண்டு. அதுதான் 'வாயு'. நெஞ்சை அடைத்தால் வாயு, முதுகில் பிடித்தால் வாயு. மலாய் மொழியிலும் 'மாசோக் அங்கின்', காற்று புகுந்தது, என்று இதையே சொல்கிறார்கள். இரு மொழியும் காற்றின்மேல் பழி போடுவதால் ஒரு பொல்லாங்கு நேர்கிறது. நெஞ்சின் நடுவே பாறாங்கல்லை வைத்தது போன்ற அழுத்தம், குளிர்ந்த வேர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவை மாரடைப்பின் அடையாளங்களாக இருக்கலாம். வாயு என்று பெயரிட்டு, ஓமத்தண்ணீர் குடித்து, தைலம் தேய்த்துப் பொழுது விடியக் காத்திருந்தால் இருதயத்தின் தசை சிறுகச் சிறுகச் செத்துக்கொண்டிருக்கும். அவ்வேளையில் 'வாயு' என்னும் சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டு, "சாகிட் டாடா, நெஞ்சு வலி" என்று சொல்லி 999 எண்ணை அழையுங்கள்.

காற்றைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 'பக்கவாதம்' என்பதில் உள்ள வாதம் காற்றைக் குறிப்பது. மலாயில் அந்நோயை 'அங்கின் அஹ்மார்' என்பார்கள், அதிலும் காற்றுதான். உண்மையில் அது மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய் அடைபடுவதால் அல்லது வெடிப்பதால் வருவது. மருத்துவத்தில் 'ஸ்ட்ரோக்' என்பர். முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு கை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே புறப்பட வேண்டும். எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதை மறவாமல் சொல்ல வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் கொடுக்கலாமா என்பதை அந்த மணிக்கணக்கை வைத்தே முடிவு செய்கிறார்கள்.

சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பதிலும் பள்ளம் இருக்கிறது. சளி வராத இருமலை நாம் 'வறட்டு இருமல்' என்கிறோம். அதை அப்படியே மலாயாக்கினால் 'பத்தோக் கெரிங்' என்று வரும். ஆனால் மலாய் வழக்கில் பத்தோக் கெரிங் என்பது காசநோயின் பெயர்! சாதாரண இருமலோடு வந்தவர், தமக்குக் காசநோய் என்று தாமே சொன்னவராகிவிடுவார். "இருமுகிறேன், காஹாக் இல்லை" என்று சொன்னால் போதும். காஹாக் என்றால் சளி. அதே நேரத்தில், இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அப்போது சளிப் பரிசோதனை செய்வார்கள்.

நோயின் பெயரே நம்மை ஏமாற்றுவதும் உண்டு. 'இரத்தக் கொதிப்பு' என்கிறோம். கொதிப்பு என்றதும் சூடு என்று நினைக்கிறோம். உடம்பில் சூடு தெரியவில்லை, தலை வலிக்கவில்லை, ஆகவே கொதிப்பு இறங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துகிறோம். இரத்தம் கொதிப்பதே இல்லை, நேயர்களே. குழாயின் சுவரை இரத்தம் அழுத்தும் வேகம்தான் மிகுந்திருக்கிறது. மலாய்ச் சொல்லான 'டாரா திங்கி' அதை உயர்ந்த இரத்தம் என்கிறது. மருத்துவச் சொல்லான 'ஹைப்பர்டென்ஷன்' அழுத்தம் மிகுதி என்கிறது. அழுத்தம் மிகுந்திருப்பது பலருக்கு எந்த அடையாளத்தாலும் தெரியாது. கருவியால் அளந்தால்தான் தெரியும்.

இதற்கு எதிராக, பெயரே நோயை விளக்கும் இடமும் உண்டு. நீரிழிவை நம் தோட்டங்களில் 'இனிப்பு நீர்' என்கிறோம். மலாயில் 'கென்சிங் மானிஸ்', இனிப்பான சிறுநீர். சித்த மருத்துவ நூல்களில் 'மதுமேகம்'. மது என்றால் தேன். ஆங்கில மருத்துவத்தில் 'டயாபிட்டிஸ் மெல்லிட்டஸ்'. மெல்லிட்டஸ் என்பதும் தேன்சுவை உடையது என்றே பொருள்படும். வெவ்வேறு நாட்டு வைத்தியர்கள் ஒரே அடையாளத்தைக் கண்டு ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள். மருத்துவச் சொற்கள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. மனிதர் கண்டதையும் தொட்டதையும் சொல்பவையே என்பதற்கு இது நல்ல சான்று.

ஆங்கில மருத்துவத்தைத் தமிழில் சொல்ல முடியுமா என்று ஐயப்படுவோர் உண்டு. அவர்களுக்கு ஒரு வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் 1822ஆம் ஆண்டு பிறந்த சாமுவேல் பிஸ்க் கிரீன் என்னும் மருத்துவர், 1847ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தி, 60க்கும் மேற்பட்ட இளைஞர்களுக்கு ஆங்கில மருத்துவம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். தமிழில் படித்தவர்கள் தம் ஊர் மக்களிடையே இருந்து பணிபுரிவார்கள் என்பது அவர் கருத்து. பாடநூல் இல்லை, சொற்களும் இல்லை. அவரும் அவர் மாணவர்களும் சேர்ந்து சொற்களை உண்டாக்கி, பெரிய நூல்களைத் தமிழாக்கினார்கள். உடலின் அமைப்பைச் சொல்லும் கலைக்கு 'அங்காதிபாதம்' என்று பெயரிட்டார்கள்; கேசாதிபாதம் என்ற நம் பழைய வழக்கை அது நினைவூட்டுகிறது அல்லவா? அறுவை மருத்துவத்துக்கு 'இரண வைத்தியம்' என்றார்கள். பொருத்தமான சொல் இல்லாத இடத்தில் கெமிஸ்ட்ரியைக் 'கெமிஸ்தம்' என்று தமிழ் ஓசைக்கு இசைய மாற்றிக்கொண்டார்கள். கிரீன் 1884ஆம் ஆண்டு காலமானார். மானிப்பாய் மருத்துவமனை அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. உள்ள சொல்லை எடுத்துக்கொள்வது, இல்லாத சொல்லை ஆக்குவது, முடியாத இடத்தில் கடன் வாங்குவது என்ற அந்த வழி இன்றும் நமக்கு ஏற்றதே.

மருத்துவச் சொற்கள் நீளமாக இருப்பதைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை. சீனியைச் சேர்த்தால் இனிப்பு, உப்பைச் சேர்த்தால் கரிப்பு என்பது போல, சில துண்டுகளின் பொருள் தெரிந்தால் சொல்லின் சுவை தெரிந்துவிடும். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி, அதாவது வீங்கிச் சிவந்து வலிப்பது. டான்சிலைட்டிஸ் தொண்டைச் சதையின் அழற்சி. ஆர்த்ரைட்டிஸ் மூட்டின் அழற்சி. கேஸ்ட்ரைட்டிஸ் இரைப்பையின் அழற்சி. 'எக்டமி' என்று முடிந்தால் அறுத்து எடுத்தல். 'எமியா' என்று முடிந்தால் இரத்தத்தைப் பற்றியது; அனீமியா என்றால் இரத்தக் குறைவு, நாம் சொல்லும் இரத்தசோகை.

முன்னே வரும் துண்டுகளில் இரண்டை நம் வீட்டுப் பிள்ளைகள் அனைவரும் மனப்பாடம் செய்ய வேண்டும். 'ஹைப்பர்' என்றால் மிகுதி. 'ஹைப்போ' என்றால் குறைவு. காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகக் கேட்கும். பொருளோ நேர் எதிர். இனிப்பு நீருக்கு மருந்து எடுப்பவருக்கு 'ஹைப்போ' வந்தால் இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டது. கை நடுங்கும், வேர்க்கும், பேச்சு தடுமாறும். விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சீனித் தண்ணீர் கொடுக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறும். 'ஹைப்பர்' என்றாலோ சர்க்கரை ஏற்கனவே அதிகம். மேலும் இனிப்புக் கொடுப்பது எரிகிற அடுப்பில் விறகு வைப்பதாகும்.

சில சாதாரணச் சொற்கள் மருந்தகத்தில் வேறு வேடம் போடும். பரிசோதனை 'பாசிட்டிவ்' என்றால் நல்ல செய்தி என்று சிலர் மகிழ்வார்கள். தேடிய நோய் இருக்கிறது என்பதே அதன் பொருள். 'நெகட்டிவ்' என்றால் தேடியது அகப்படவில்லை. 'குரோனிக்' என்றால் கடுமையானது என்று அஞ்ச வேண்டாம்; நீண்ட நாளாக உள்ளது என்றே பொருள். 'அக்யூட்' என்றால் திடீரென்று வந்தது.

எண்களும் ஒருவகைச் சொற்களே. இரத்த அழுத்தத்தில் மேல் எண் இருதயம் சுருங்கும்போது உள்ள அழுத்தம். கீழ் எண் அது தளரும்போது உள்ளது. 120க்கு 80 என்பது நல்ல அளவு. பல தடவை அளந்தும் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் நின்றால் அதை உயர் இரத்த அழுத்தம் என்பார்கள். சர்க்கரையை நம் நாட்டில் மில்லிமோலில் அளக்கிறார்கள். வெறும் வயிற்றில் 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் இனிப்பு நீர் என்று ஐயப்பட்டு மீண்டும் சோதிப்பார்கள். 4க்குக் கீழே போனால் அது ஹைப்போ. தமிழ்நாட்டு உறவினர் "எனக்கு 126" என்றால் திகைக்க வேண்டாம். அங்கே மில்லிகிராமில் சொல்கிறார்கள். நம் எண்ணை 18ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும். ஏழும் நூற்று இருபத்தாறும் ஒன்றே.

மருந்துச் சீட்டில் வரும் சிறு எழுத்துகள் பழைய இலத்தீன் மொழியின் சுருக்கங்கள். ஓ.டி. என்றால் நாளுக்கு ஒரு முறை; பி.டி. இரண்டு முறை; டி.டி.எஸ். மூன்று முறை. பி.ஆர்.என். என்றால் தேவைப்படும்போது மட்டும். வலி மாத்திரைக்குப் பி.ஆர்.என். எழுதுவது வழக்கம். இரத்த அழுத்த மாத்திரையோ நாள்தோறும் உண்ண வேண்டியது. நம்மில் பலர் ஓ.டி.யைப் பி.ஆர்.என். ஆக்கிவிடுகிறோம், அங்கேதான் தொல்லை தொடங்குகிறது. உறையின்மேல் மலாயில் 'செபெலும் மாக்கான்' என்றிருந்தால் சாப்பாட்டுக்கு முன். 'செலெப்பாஸ் மாக்கான்' என்றிருந்தால் சாப்பாட்டுக்குப் பின்.

சரி, நோயை எப்படிச் சொல்வது? எங்கே, எப்போதிலிருந்து, எப்படிப்பட்ட வலி, எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது, கூட வேறு என்ன என்ற ஆறு கேள்விக்கு விடை வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் என்றால் இது எத்தனையாவது நாள் என்று சொல்லுங்கள். டெங்கியில் காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் ஆபத்து தொடங்கும். ஆகவே நாள் கணக்கு முக்கியம். இவற்றோடு, கேளாவிட்டாலும் சொல்ல வேண்டியவை மூன்று: முன்பு எந்த மருந்து ஒவ்வாமல் போனது, மலாயில் இது 'அலாஹான்', இப்போது என்னென்ன மருந்து உண்கிறீர்கள், நாட்டு மருந்தும் சேர்த்து, பெண்களானால், மாதவிலக்குத் தள்ளிப் போயிருக்கிறதா என்பது. கருவுற்றிருக்கும்போது சில மருந்துகளும் எக்ஸ்ரேயும் கூடாதவை. மருந்தடிக்கும் வேலையில் இருப்பவருக்கு வாயில் நீர் ஊறி, வேர்த்து, கண்மணி சுருங்கினால், எந்தப் பூச்சிமருந்து என்று சொல்ல வேண்டும். போத்தலின் ஒட்டுச்சீட்டைக் கொண்டு போனால் இன்னும் நன்று.

இங்கே ஆசிரியர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். பாட்டிக்கு மலாய் வராது என்று பத்து வயதுப் பேரனை மொழிபெயர்ப்புக்கு அழைத்துப் போகிறோம். தலைவலி, காய்ச்சல் என்றால் பேரன் போதும். ஆனால் வெள்ளைப்படுதல், நீர்க்கடுப்பு, மாதவிலக்குக் கோளாறு என்றால் எந்தப் பாட்டியும் பேரன் வாயால் சொல்ல மாட்டாள். "வயிற்று வலி" என்று முடித்துக்கொள்வாள். அந்தக் கூச்சத்துக்குள் ஒரு பெரிய நோய் ஒளிந்திருக்கலாம். பெரியவளான மகளோ மருமகளோ உடன் போகட்டும். இல்லாவிட்டால் பெண் தாதி வேண்டுமென்று கேளுங்கள். கேட்பதில் குற்றமில்லை. சொன்னது புரியவில்லையென்றால் "மறுபடியும் சொல்லுங்கள் ஐயா" என்று கேட்பதிலும் வெட்கமில்லை. அவர் சொன்னதை நம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்லிக் காட்டினால், பிழை இருந்தால் அங்கேயே திருந்திவிடும்.

வள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் மருத்துவத்துக்கு நான்கு பகுதிகள் சொல்கிறார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து கவனிப்பவர் ஆகிய நால்வகையில் நோயுற்றவரையே முதலில் வைத்தார். வைத்தியத்தில் நமக்கும் ஒரு வேலை இருக்கிறது என்பதல்லவா இதன் கருத்து? நோயை உள்ளபடி சொல்வதே அந்த வேலை.

ஆகவே, ஒரு சிறு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பெயர், பிறந்த ஆண்டு, உள்ள நோய், உண்ணும் மருந்து, ஒவ்வாத மருந்து, கடைசியாக அளந்த அழுத்தமும் சர்க்கரையும். பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். தமிழில் ஒரு வரி, மலாயில் ஒரு வரி. தானா ராத்தா மருத்துவமனைக்குப் போனாலும், அங்கிருந்து ஈப்போவுக்கு அனுப்பப்பட்டாலும், அந்த நோட்டு உங்களோடு வரட்டும். நோயாளி பேச முடியாத நேரத்தில் அது அவருக்காகப் பேசும்.